நிமிஷம் குறைந்தது, விலை குறைந்ததா?

டீ.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் கருவியை மேலும் விரைவாக இயங்கச் செய்ய அமெரிக்கப் பொறியியல் மாணவர் முனைந்துள்ளனர். முயற்சியை நாம் வரவேற்கிறோம். சூடாக்கிக் குளிர்விக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அப்பொருள் இரட்டிக்கிறது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டுகிறது. தாமதமெல்லாம் சூடேற்றுவதிலும் ஆற்றுவதிலுமே. யூற்றா சர்வகலாசாலையார் 2015இல் இப்பெருக்கத்தை ஒரு நிமிஷத்துக்குள் முடித்துக் காட்டினர்.

ஆனால், அக்கருவியின் ஆக்கவுரிமை நாளை எவர் கையிற் சேரும்?

இலாபமின்றேல் எவன் கண்டுபிடிப்பான் என்று கம்பனிகளுக்காக வாதாடுவோர் கேட்கின்றனர். இம்முறையை 1983இல் கண்டவர் கரி மலிஸ். சீற்றஸ் கம்பனி அவருக்கு ஈந்த வெகுமதி 10,000 டொலர். 1991இல் உரிமையை றோஷ் கம்பனிக்கு விற்றுப் பெற்றது 30 கோடி டொலர்! முறைக்கு உயிரான நொதியமோ யெல்லோஸ்ரோன் என்னும் பொதுப் பூங்காவின் வெந்நீரூற்றில் வாழும் நுண்ணுயிரினுடையது. அதைப் பிரித்தெடுத்த செய்தியைச் சின்சினாற்றி சர்வகலாசாலையார் 1976இலேயே வெளியிட்டிருந்தனர். அதன்மேலும் 1989இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஆக்கவுரிமை அலுவலகத்தைத் திசைதிருப்பிப் பெற்றதாகையால் அதனை அமுல்செய்ய முடியாதெனக் கலிபோர்ணியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் 1999இல் தீர்த்தது; மேன்முறையீட்டின் பின்னர் 2004இலும் அவ்வாறே தீர்த்தது. அதற்குள் பதினைந்து ஆண்டு கழிந்துவிட்டது. சட்டம் பயின்ற நமக்கு இது புதுமையன்று.

வேகம் மட்டும் நோயாளியைக் காக்காது என்பதற்குக் காசநோயே சாட்சி. இரண்டு மணி நேரத்துள் முடிவு தரும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையை உலக சுகாதார ஸ்தாபனம் 2010இல் ஏற்றுக்கொண்டது. அதனை உருவாக்கப் பொதுப் பணமும் கோடிக்கணக்கிற் செலவாயிற்று. அப்படியிருந்தும், வறிய நாடுகளுக்கென 2012இல் வகுத்த சலுகை விலை, சோதனைக்கூடு ஒன்றுக்கு 9.98 டொலர்! ஐந்து டொலருக்கு விற்கலாமென எல்லைகளற்ற மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டிக் கிளர்ச்சி செய்த பின்னரே, 2023இல் 7.97 ஆயிற்று. பதினோராண்டில் இரண்டு டொலர்!

பொதுப் பணத்தில் விளைந்த கண்டுபிடிப்புகளைச் சர்வகலாசாலைகளே உரிமையாக்க இடமளித்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேண்டுமிடத்து அரசாங்கம் தலையிட்டுப் பிறருக்கு அனுமதி வழங்கலாம் என்னும் பிரிவும் உண்டு. நாற்பது ஆண்டு கடந்தும் அதனை ஒருமுறையேனும் கையாளவில்லை. ஆகவே மாணவரே, அரசாங்கத்தை நம்பியிராதீர். உங்கள் கருவியைக் கம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே, வறிய நாடுகளுக்குரிய உச்சவிலையை எழுதுமாறு உங்கள் சர்வகலாசாலையிடம் கேளுங்கள். கையொப்பமிடுமுன் கேளுங்கள்.