ஆலையில் மிச்சமாகும் நொடிகள்

2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. 2024 ஆகஸ்டில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. எங்கள் செங்கல்பட்டுக் கரைக்கும் இது நற்செய்தியே. சராசரியாகப் படகுக்கு 36,400 ரூபாய். இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறியும் இக்கருவி, ஆலையில் எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பது பற்றித்தான் பேச்சே இல்லை.

ஆலைக் கூரையின் கீழ் செயற்கைக்கோள் சமிக்ஞை சரிவரக் கிடைக்காது. ஆகவே இத்தகைய கருவிகளை உலோகப் பெட்டிக்குள் வைத்து, செயற்கையாக உருவாக்கிய சமிக்ஞையைச் செலுத்தி, அது எவ்வளவு வலுவாகப் பெறப்படுகிறது என்று அளப்பது வழக்கம். இதற்குச் சில நொடிகள் போதும். கருவி தானே இருப்பிடத்தைக் கணிக்கும்வரை காத்திருந்தால் அரை நிமிடமோ, அதற்கு மேலுமோ ஆகும். உற்பத்தி வரிசையில் நொடிக்கு விலையுண்டு. சுருக்கச் சோதனையை நான் குறைகூற மாட்டேன். ஆனால் சமிக்ஞையைக் கம்பி வழியே நேராகச் செலுத்திவிட்டால், ஆண்டெனாவின் பழுது அதில் தெரியவே தெரியாது.

சோதனைச் செலவு தயாரிப்பாளருடையது. சோதிக்காததன் இழப்போ மீனவருடையது. பொருளியலார் இதைப் புறவிளைவு என்போம். கருவியை இலவசமாகப் பெறுபவருக்கு, வேண்டாமென்று வேறொன்றை வாங்கும் வாய்ப்பும் இல்லை. எனவே சந்தை இதைச் சரிசெய்யாது. விலை கொடுக்கும் அரசே செய்ய வேண்டும். ஆண்டெனா வழியாகவே சோதனை நடக்க வேண்டும் என்பதையும், ஒவ்வொரு கருவியின் சோதனைப் பதிவையும் வரிசை எண்ணோடு ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதலாம். அப்பதிவின் ஒரு படி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் போய்ச் சேரட்டும்.