தன் சுமையும் பிறர் பாரமும்



கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும். இரண்டாம் வசனத்தில், ஒருவர் மற்றவருடைய பாரத்தைத் தாங்கும்படி அப்போஸ்தலனாகிய பவுல் கட்டளையிடுகிறார். ஐந்தாம் வசனத்திலோ, ஒவ்வொருவரும் தமக்குரியதைத் தாமே சுமக்கவேண்டும் என்கிறார். நமது தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடங்களிலும் ‘பாரம்’ என்ற ஒரே சொல்லே வருகிறது. கிரேக்க மூலத்திலோ இரு வேறு சொற்கள் உள்ளன. முன்னது ‘பாரோஸ்’: ஒரு மனிதனை நசுக்கிவிடும் பளு. பின்னது ‘ஃபோர்டியோன்’: வழிப்போக்கன் தன் தோளில் எடுத்துச் செல்லும் மூட்டை. மூட்டையை அவனவன் சுமக்கவேண்டும். நசுக்கும் பளுவுக்கு அடுத்தவருடைய தோளும் வேண்டும்.

இவ்விரு வசனங்களையும் கையில் வைத்துக்கொண்டு, நாம் சபையில் பேசக் கூசுகிற ஒரு காரியத்தை இந்த வாரம் சிந்திப்போம். அது மிகையான உடற்பருமன். சற்றே பூசினாற்போன்ற உடம்பைப் பற்றி நான் எழுதவில்லை. ரயில் நிலையப் படிகளை ஏற முடியாமல், படுத்தால் மூச்சு முட்டி, முழங்கால் தேய்ந்து, வீட்டைவிட்டு வெளியே வரவே வெட்கப்படுகிற நம் சகோதர சகோதரிகளைப் பற்றி எழுதுகிறேன். அவர்களைக் குறித்து உலகம் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: “வாயைக் கட்டியிருந்தால் இந்த நிலை வருமா?”

இந்தத் தீர்ப்பில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு துளி உண்மையை முழு உண்மையாக்குவது நீதியாகாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழகத்தில் 100 பெண்களில் ஏறத்தாழ 31 பேரும், 100 ஆண்களில் 28 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்களாயிருந்தார்கள். 2019-21இல் அது 40 ஆகவும் 37 ஆகவும் உயர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு மாநிலத்து மக்கள் அனைவருடைய மனவுறுதியும் ஒருசேரக் குலைந்துபோயிற்றா? அப்படி நம்ப முடியாது. மாறினது நாம் வாழும் சூழ்நிலை.

நம்முடைய பெருங்களத்தூரையே பாருங்கள். இரவுப் பணிக்கு வாடகை வண்டியில் ஏறி, விடியற்காலையில் இறங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர்! பத்து மணிநேரம் நாற்காலி, பகலில் அரைகுறை உறக்கம், கைப்பேசியைத் தொட்டால் வாசலில் வந்து நிற்கும் பிரியாணி. ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு தாய் மாலையில் நடக்க விரும்பினால், வாகனங்களுக்கு நடுவே அவளுக்கு இடம் எங்கே? ஒரு ஆப்பிள் வாங்கும் காசுக்கு இரண்டு வடையும் ஒரு தேநீரும் கிடைக்கிறபோது ஏழை எதைத் தெரிந்துகொள்வான்?

உடலுக்குள் நடப்பதும் நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. கொழுப்புத் திசுக்களில் சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர் பசி அடங்கியதை மூளைக்கு அறிவிக்கிறது. மிகையான பருமன் உள்ளவர்களில் பலருக்கு அந்த அறிவிப்பை மூளை சரியாக ஏற்பதில்லை. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், உடல் அதைப் பஞ்சம் என்று எண்ணிப் பசியைக் கூட்டி, செலவிடும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து, அந்த முடிவுகளை 2016இல் வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. அவர்களுடைய உடல் ஆற்றலைச் செலவிடும் வேகமோ குறைந்தபடியே இருந்தது. மரபணு, தைராய்டு குறைபாடு, சில மனநோய் மருந்துகள், ஸ்டீராய்டு மருந்துகள், சொல்லி அழ முடியாத துக்கம் ஆகியவையும் இதனோடு சேர்கின்றன. இத்தனைக்கும் மேலே நாம் பரிகாசத்தையும் ஏற்றினால், அது நசுக்கும் பளுவாகாமல் வேறென்ன ஆகும்?

பரிகாசத்துக்குப் பயந்தவன் மறைந்துகொள்வான். மறைந்தவனுக்கு உதவி தாமதமாகவே சென்று சேரும். 2017 பிப்ரவரியில் ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள எகிப்து தேசத்துப் பெண் ஒருவரை மும்பைக்குச் சிகிச்சைக்காக விமானத்தில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை என்று அவருடைய குடும்பத்தார் கூறினார்கள். கிரேன் வைத்து அவரைத் தூக்கியதை உலகமே வேடிக்கை பார்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் அபுதாபியில் இறந்தார். கிரேன் வந்த நாளில் அத்தனை கண்கள் அவரைப் பார்த்தன. அதற்கு முந்தைய 25 ஆண்டுகளில் அவருடைய கதவைத் தட்டினவர்கள் எத்தனை பேரோ!

தொலைதூரம் போகவேண்டாம். 2024 ஏப்ரலில் நமக்கு அருகிலுள்ள பம்மலில், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அரசு அதைக் குறித்து விசாரணை நடத்தியது. அந்தச் செய்தியைப் படித்தபோதும் சிலர், “இந்த வயதில் இவ்வளவு எடையா?” என்றுதான் கேட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் முன் கேட்கவேண்டிய கேள்வியா அது? தேவையானவர்களுக்கு இச்சிகிச்சை நன்மை தரும். அநேகர் அதனால் நலம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அது பெரிய அறுவை சிகிச்சை. விளம்பரத்தைப் பார்த்து ஓடாமல், ஒன்றுக்கு இரண்டு மருத்துவர்களிடம் ஆலோசனை கேட்டு, இருதயமும் நுரையீரலும் அதைத் தாங்குமா என்று அறிந்து முடிவெடுங்கள்.

“தானே தேடிக்கொண்டதற்கு ஊரார் ஏன் செலவு செய்யவேண்டும்?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு நம் தாம்பரம் சானடோரியம் பதில் சொல்கிறது. காசநோயாளியின் வீட்டுப் பாத்திரத்தைத் தொடவும் ஜனங்கள் அஞ்சின காலத்தில், 1928இல், டாக்டர் சௌரிமுத்து அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது, அதே சானடோரியம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களைப் பார்த்தும் ஊர், “தானே தேடிக்கொண்டது” என்றுதான் சொன்னது. காரணத்தை விசாரித்துவிட்டுக் கட்டில் கொடுத்திருந்தால், எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும்!

அரசுக்கும் கடமை உண்டு. 2016இல் கேரள அரசு பெரிய உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத வரி விதித்தது. நம் தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. இவை நல்ல தொடக்கங்கள். இவற்றோடு, பள்ளி வாசலில் விற்கும் தின்பண்டத்திலிருந்து சாலையோர நடைபாதை வரை கவனம் செல்லவேண்டும்.

ஆயினும், பாரத்தால் வாடுகிற என் பிரிய சகோதரனே, சகோதரியே, ஐந்தாம் வசனத்தை உனக்கு மறைத்தால் நான் உண்மையுள்ள மேய்ப்பனல்ல. உனக்குரிய மூட்டை ஒன்று உண்டு. மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது உன் பொறுப்பு. நீரிழிவு மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வதும், இரவு பத்து மணிக்கு மேல் உண்பதை நிறுத்துவதும், இன்று பத்து அடி என்றால் நாளை பதினைந்து அடி நடப்பதும் உன் பொறுப்பு. நீட்டப்படும் கையை வெட்கத்தால் தள்ளாமல் பற்றிக்கொள்வதும் அப்படியே. பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவனுக்கு உதவ ஆளில்லை என்பது உண்மைதான். அவனிடமும் ஆண்டவர், சொஸ்தமாக விருப்பம் உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வி அவனைக் குற்றப்படுத்தவில்லை. அவனையும் ஒரு மனிதனாக மதித்தது.

சபையாரே, உங்களுக்கும் சில விண்ணப்பங்கள். வாலிபர் கூட்டத்தில் உடம்பை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நம் ஆண்டவரையே போஜனப்பிரியன் என்று ஏசினார்கள். அந்த நிந்தையின் வலியை அவர் அறிவார். ஆலயத்தில் பிளாஸ்டிக் நாற்காலி முறிந்துவிடுமோ என்று அஞ்சிப் பின்னால் நிற்பவருக்கு, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி இரண்டு வாங்கிப் போடுவோம். படியேறி வர இயலாதவருக்குத் திருவிருந்து அவர் இருக்கும் இடத்துக்கே செல்லட்டும். ஐக்கிய விருந்தில், போதும் என்று சொன்னவருடைய இலையில் வற்புறுத்திப் பரிமாறாதிருப்பதும் அன்புதான். மருமகளின் எடையைக் குறித்து உறவினர் முன் பேசுகிற மாமியார், அந்தப் பேச்சை விட்டுவிட்டு மாலையில் அவளோடு தெருமுனை வரை நடந்துவரலாம்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் எப்படி இந்த நிலைக்கு வந்தான் என்று அவர்கள் விசாரித்ததாக வேதத்தில் இல்லை. வாசலில் வழியில்லாதபோது கூரையைத் திறந்தார்கள். அதே மனிதனிடம்தான் ஆண்டவர் பின்பு எழுந்து நடக்கவும் தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு போகவும் சொன்னார். வரும்போது நால்வர் சுமந்தார்கள். போகும்போது அவன் சுமந்தான். நால்வர் முதலில் சுமக்காதிருந்தால் அவனுக்குச் சுமக்கும் நாள் வந்திராது.

இந்த வாரம் உங்கள் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் ஒருவருடைய வீட்டுக்குப் போங்கள். புத்திமதி சொல்லவேண்டாம். நலம் விசாரியுங்கள். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமா என்று கேளுங்கள். அவர் ஆம் என்றால், விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் செல்லுங்கள்.

கர்த்தர் தாமே நம்முடைய தோள்களைப் பலப்படுத்துவாராக. ஆமென்.