உடைந்து வந்த தையல் மெஷினுக்கு யார் பொறுப்பு?

பழைய சிங்கர், உஷா தையல் மெஷின்கள் ஊர்விட்டு ஊர் பயணம் போகின்றன. பாட்டி தைத்த மெஷினைப் பேத்தி வேலை பார்க்கும் ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். இணையத்தில் படம் பார்த்து, பணம் கட்டி, ஊர் தாண்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஓடிய மெஷின் லாரியில் ஒரே ராத்திரியில் உடைந்து வந்து இறங்குவதும் நடக்கிறது. கேட்டால், பழைய சாமான்தானே, எடைக்குப் போட்டால் கிடைப்பதுதான் அதன் விலை என்று பார்சல்காரர் சொல்கிறார். நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது என்று விற்றவர் ஒதுங்கிக்கொள்கிறார். இரண்டு பதிலுமே ஏற்கத்தக்கவை அல்ல. அந்த மெஷினைத் திரும்ப ஓட வைக்க என்ன செலவாகுமோ அதுதான் இழப்பின் அளவு. உடையாமல் பாதுகாத்திருக்கக் கூடியவர் யாரோ, அவர்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும்.

இந்த மெஷின்கள் எப்படி உடைகின்றன என்பது தெரிந்தால்தான் பொறுப்பு யாருடையது என்பதும் தெரியும். தூக்கும்போது இருக்கிற கனத்தைப் பார்த்து, இரும்புக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கிறோம். ஆனால் பழைய மெஷின்களில் பெரும்பாலானவற்றின் தலையும் கால் ஸ்டாண்டும் வார்ப்பிரும்பு. அதில் கரியின் அளவு இரண்டு சதவீதத்துக்கு மேல்; அந்தக் கரி மெல்லிய செதில்களாக இரும்புக்குள் பரவிக் கிடக்கிறது. மேலிருந்து அழுத்தும் பாரத்தை வார்ப்பிரும்பு நன்றாகத் தாங்கும். ஆனால் அந்தச் செதில்களால், ஓங்கி ஓர் அடி விழுந்தால் வளையாது, விரிசல் விட்டுவிடும். போதாக்குறைக்கு, பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் தலைப்பகுதி பலகையோடு இறுக்கி முடுக்கப்பட்டிருப்பதில்லை. எண்ணெய் விடவும் அடியில் சேர்ந்த பஞ்சைத் துடைக்கவும் பின்பக்கம் சாய்க்க வேண்டும் என்பதற்காக, இரண்டு கீல்களில்தான் அது நிற்கிறது. வீட்டில் இது வசதி. லாரியில் பெட்டி கவிழ்ந்தால் இதுவே வினை. தலை கீலைவிட்டுக் கழன்று, தன் கனத்தாலேயே மரப்பலகையைப் பிளக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வீல், நூல்கண்டு மாட்டும் கம்பி, பாபின் சுற்றும் பகுதி, டென்ஷன் திருகு ஆகியவை முதல் அடியை வாங்குகின்றன. வீலில் விழுந்த அடி உள்ளே தண்டுவரை போவதால், பார்வைக்கு முழுசாக இருக்கும் மெஷின்கூடச் சுற்ற மறுக்கலாம்.

இவ்வளவையும் தடுக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். தலையைப் பலகையிலிருந்து கழற்றி, தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஊசியை எடுத்துவிட்டு, ஃபுட்டுக்கு அடியில் துணி வைத்து இறக்கிவிட வேண்டும். கழற்ற முடிந்த வீலையும் கைப்பிடியையும் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டங்குலத்துக்குக் குறையாமல் கெட்டியான ஃபோம் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் இறக்கி, இடைவெளியையும் நிரப்ப வேண்டும். கால் மெஷினானால் ஸ்டாண்டைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கட்ட வேண்டும். செய்தித்தாளைக் கசக்கி நான்கு மூலையில் திணிப்பது இந்தக் கனத்துக்குப் போதாது. முதல் மேடுபள்ளத்திலேயே அது நசுங்கி, உள்ளே தலை உருள இடம் கொடுத்துவிடும். 'கவனம், உடையும் பொருள்' என்ற ஸ்டிக்கரும் துணைக்கு வராது. ராத்திரி பார்சல் கிடங்கில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை இறக்கி ஏற்றும் தொழிலாளி ஒவ்வொரு ஸ்டிக்கரையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. அவர்மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விற்பனை என்று வந்துவிட்டால், கட்டுவது விற்கிறவரின் கடமை. பொருளின் தன்மைக்கு ஏற்ற வகையில் விற்பவர் போக்குவரத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 39-ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படிச் செய்யாமல் விட்டு, வழியில் பொருள் சேதமானால், லாரியில் ஏற்றியதையே தனக்குக் கொடுத்ததாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம்.

விற்பவர் ஒழுங்காகக் கட்டியும் உடைந்தால், பொறுப்பு கொண்டுபோகிறவருக்கு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கூரியர் நிறுவனங்களும் அதில் அடக்கம். அரசின் அஞ்சல் துறைக்கு அது பொருந்தாது. வழக்கு என்று வந்தால், அஜாக்கிரதையால்தான் உடைந்தது என்று பொருளின் சொந்தக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை அதன் கீழ் வந்த விதி மறு கையால் சுருக்கிவிடுகிறது. கட்டிய வாடகையின் பத்து மடங்கு, அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல்; இழப்பீட்டுக்கு அதுதான் உச்சவரம்பு. நானூறு ரூபாய் வாடகையில் போன மெஷினுக்கு நாலாயிரத்துக்கு மேல் கிடைக்காது. கூடுதல் இழப்பீடு வேண்டுமென்றால், பதிவு செய்யும்போதே மதிப்பைச் சொல்லி, கூடுதல் கட்டணம் கட்டச் சம்மதித்திருக்க வேண்டும். இந்த வழி இருக்கிறது என்பதைச் சொல்லும் பார்சல் அலுவலகங்கள் அபூர்வம். ரசீதின் பின்னால் பொடி எழுத்தாக ஆங்கிலத்தில் கிடக்கும் வரிகளுக்குள் அது புதைந்துவிடுகிறது. முன்னால் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று ஒரு முத்திரை விழுகிறது. கையெழுத்துப் போட்ட நிபந்தனை ஆளைக் கட்டுப்படுத்தும் என்று, போய்ச் சேராத கூரியர் உறை பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, படிக்காமல் போடும் கையெழுத்துக்கு விலை உண்டு.

இந்த வரம்பு இருப்பதால்தான் வாடகை குறைவாக இருக்கிறது, அதை எடுத்தால் எல்லோருக்கும் கட்டணம் ஏறும் என்று போக்குவரத்துத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். இது நியாயமான வாதம். பழைய புத்தகமும் அரிசி மூட்டையும் அனுப்புகிறவர், உடையும் பொருள் அனுப்புகிறவருக்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. எனவே வரம்பை எடுக்கச் சொல்லவில்லை. மதிப்பு அறிவிக்கிறீர்களா, கூடுதல் கட்டணம் இவ்வளவு, சம்மதமா என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்கிறேன். கேட்டும் வாடிக்கையாளர் வேண்டாம் என்றால், பத்து மடங்கோடு அவர் நிற்கட்டும். கேட்காமலே வரம்பைக் காட்டுவது வாடிக்கையாளரின் அறியாமையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வது. கட்டு சரியில்லை என்று பிறகு சொல்லும் நிறுவனத்துக்கும் இதே பதில்தான். சரியில்லாத கட்டை வாங்கும்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். வாடகை வாங்கி, ஏற்றிக்கொண்டு போய், உடைந்த பிறகு கட்டைக் குறைசொல்வது முறையில்லை.

இனி, பழசுக்கு மதிப்பில்லை என்ற பேச்சு. இயந்திரங்களின்மேல் அத்தனை சந்தேகம் கொண்டிருந்த காந்தி, 1924-இல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற மாணவரோடு நடந்த உரையாடலில், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் தன் மனைவி டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து, 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். இயந்திரம் மனிதக் கைக்குத் துணையாக நிற்கிறதா என்பதே காந்தியின் அளவுகோல். பழைய மெஷினுக்கும் அதே அளவுகோல் போதும்: அது தைக்கிறது. இன்றும் எத்தனையோ தையற்கடைகளில், எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் அதன் ஓட்டத்தில்தான் வருமானம் வருகிறது. அதோடு, அது ஒற்றைப் பொருளும் அல்ல. சிங்கரின் பதினைந்தாம் ரகத்தை ஜப்பானியர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொது அளவாகவே வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் நாம் பார்க்கும் கறுப்புக் கால் மெஷின்களில் பலவும் அதே வழியில் வந்தவை. அதனால் பாபின் கேஸ், ஷட்டில், டென்ஷன், பெல்ட், வீல் என்று உதிரிபாகங்கள் இன்னும் கடையில் கிடைக்கின்றன, அவற்றை மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பிளந்த பலகையைத் தச்சர் செய்துவிடுவார். இப்படிச் சரிசெய்யக் கூடிய ஒன்றை இரும்பு எடையில் மதிப்பிடுவதில் எந்த நியாயமும் இல்லை.

வார்ப்பிரும்புத் தலையிலேயே விரிசல் விட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பித்தளைப் பற்று வைத்தோ நிக்கல் கம்பி கொண்டு வெல்டிங் செய்தோ ஸ்டாண்டைப் பிழைக்க வைக்கலாம். தலையின் கை உடைந்தால் பெரும்பாலும் முடியாது. வெல்டிங் சூட்டில் தண்டுகளின் நேர்த்தன்மை கெடும், கறுப்புப் பூச்சும் பொன்னிறப் பூவேலையும் போய்விடும். அந்த நிலையில், அதே ரகத்தில் ஓடுகிற இன்னொரு மெஷின் என்ன விலையோ அதுதான் இழப்பீடு. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் நட்டத்துக்கு ஈடு தர வேண்டும் என்றும், அந்த நட்டத்தைச் சரிசெய்யக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவில் சொல்கிறது. இரண்டாவது பாதி வாங்கியவருக்கும் பொருந்தும். புதுப் பாபின் கேஸ் போட்டால் ஓடும் மெஷினை முழு நட்டமென்று கணக்குக் காட்ட அவருக்கும் உரிமையில்லை. கோபத்தில் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால், வழக்குக்கு வேண்டிய சாட்சியமும் சேர்ந்தே போய்விடும்.

பார்சல் வந்தால் பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். சேதம் தெரிந்தால் டெலிவரி ரசீதில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உடைந்த துண்டுகளையும் உள்ளிருந்த ஃபோமையும் தூக்கிப் போடாதீர்கள். மெக்கானிக்கிடம் பழுதுச் செலவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போக்குவரத்து நிறுவனத்துக்கு, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சொந்த மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பார்சல் நிறுவனங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பதிவு ரசீதின் முன்பக்கத்தில், பொருளின் மதிப்பு எவ்வளவு, கூடுதல் கட்டணம் கட்டுகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, பதில் எழுதி வாங்கிய பிறகே சரக்கை ஏற்றுங்கள்.