லோத்தானின் சகோதரி

வம்ச வரலாற்றைக் கண்டால் சலித்துக்கொள்வது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. யூதாவை ஆண்ட மனாசே ராஜாவே அப்படிச் சலித்துக்கொண்டாராம். மோசேக்கு எழுத வேறு விஷயமா கிடைக்கவில்லை, லோத்தானின் சகோதரி யாரென்று எழுதி வைத்திருக்கிறாரே என்று அவர் கிண்டலடித்ததாகப் யூத மத நூலான பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதி சொல்கிறது.

அந்தச் சகோதரி திம்னாள். ஆதியாகமம் 36ஆம் அதிகாரம் முழுக்க ஏதோம் நாட்டுப் பெயர்கள்தான். வேதம் வாசிக்கிறவர்களே மடமடவென்று தாண்டிப் போகிற இடம். அதில் ஓரிடத்தில் அவள் ஏசாவின் மகன் எலீப்பாசுக்கு மறுமனையாட்டி, அமலேக்கின் தாய். பத்து வசனம் தள்ளி, சேயீர் மலைநாட்டு ஓரியரின் பிரபு லோத்தானுக்குச் சகோதரி.

பிரபு வீட்டுப் பெண் மறுமனையாட்டியாகப் போவானேன்? தல்மூதின் ரபிகள், அதாவது யூதப் போதகர்கள், இதை விடவில்லை. அவள் ஆபிரகாமிடமும் ஈசாக்கிடமும் யாக்கோபிடமும் போய்த் தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டாளாம். மூவரும் மறுத்துவிட்டார்கள். வேறு ஜனத்துக்கு எஜமானியாக இருப்பதைவிட ஆபிரகாமின் ஜனத்துக்குப் பணிப்பெண்ணாக இருப்பதே மேல் என்று, அதே வம்சத்து எலீப்பாசிடம் போனாள். பிறந்தவன் அமலேக்கு. எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரை ரெவிதீமில் தாக்கியது அவன் சந்ததிதான்.

அவளைத் துரத்தியிருக்கவே கூடாது என்கிறது தல்மூத். ஜென்ம விரோதி உருவானதற்குச் சொந்தப் பாட்டன்மாரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற துணிச்சல் எத்தனை சமூகத்துக்கு வரும்?

இந்த வம்ச வரலாறு எழுதப்பட்டதற்கு 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடெஸ் வேறு காரணம் சொன்னார். அவர் வைத்தியர் வேறு, கதைக்குப் போகவில்லை. அமலேக்கை அடியோடு அழிக்க வேதத்தில் கட்டளை இருக்கிறது. பக்கத்துக் குடும்பங்களும் அதில் சிக்கிச் சாகாமலிருக்கவே யார் யார் வழி என்று இப்படிப் பிரித்து எழுதியிருக்கிறது என்றார். மனாசேக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனாலும் என் மனசு ரபிகளின் கதையையே சுற்றுகிறது. அதிலும் ஓர் உறுத்தல். அமலேக்கு சாதுவாக வளர்ந்திருந்தால், திம்னாளைத் திருப்பி அனுப்பியது தப்பு என்று யாருக்காவது தோன்றியிருக்குமா?