முதல் நாளே தோற்ற கதாநாயகன்!



போன மாதம் நம்ம ஆங்கில ஆசிரியர் கணினி அறையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை கௌபாய் தொடரின் முதல் கதையைப் போட்டுக் காட்டினார். தொடரின் பெயர் 'கன்ஸ்மோக்'. கதை அரை மணி நேரத்தில் முடிஞ்சுது. அதைப் பற்றின சண்டைதான் நம்ம வகுப்பில் இன்னும் முடியல! "உப்புச்சப்பில்லாத படம்" என்று ஒரு கட்சி, "செம படம்" என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்றேன், பொறுமையாப் படிங்க.

முதலில் பார்க்காதவங்களுக்காக. 'கன்ஸ்மோக்' 1952-ல் அமெரிக்க வானொலியில் நாடகமாகத் தொடங்கியது. 1955 செப்டம்பர் 10 அன்று தொலைக்காட்சிக்கு வந்தது. 1975 வரை இருபது வருஷம் ஓடி, மொத்தம் 635 கதைகள்! முதல் கதை தொடங்கும் முன் பிரபல நடிகர் ஜான் வெய்ன் திரையில் வந்து, இது மற்ற கௌபாய் கதைகள் மாதிரி இல்லை, உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

கதை நடக்கும் இடம் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள டாட்ஜ் சிட்டி. 1870-களில் டெக்சாசிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டி வந்து ரயிலேற்றிய நிஜ ஊர் அது. அங்கே சட்டத்தைக் காப்பவர் மார்ஷல் மாட் டில்லன். இவர் கற்பனைப் பாத்திரம். நடித்தவர் ஜேம்ஸ் ஆர்னஸ், உயரம் ஆறடி ஏழு அங்குலம்!

டேன் கிராட் என்ற துப்பாக்கிக்காரன் ஊருக்குள் வருகிறான். டெக்சாசிலிருந்து அவனைப் பிடிக்க வந்த ஷெரிப்பைச் சுட்டுக் கொல்கிறான். மாட் டில்லன் அவனைக் கைது செய்யப் போகிறார். நாம எல்லோரும் நாற்காலி நுனியில்... டுமீல்! விழுந்தது கிராட் இல்லை, மாட் டில்லன்!

இங்கேதான் முதல் கட்சி முகம் சுளிச்சாங்க. "கதாநாயகனே முதல் கதையிலேயே அடி வாங்கினா அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்டாங்க. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படிச்சு வளர்ந்தவங்களுக்கு இந்தக் கோபம் வருவது நியாயம்தான். டெக்ஸ் சுட்டா குறி தப்பாது, எதிரி சுட்டா தொப்பிதான் பறக்கும்!

என் கருத்து வேற. அடி வாங்கினதுக்கு அப்புறம்தான் கதையே தொடங்குகிறது. மாட் டில்லன் பிழைத்துப் படுக்கையில் கிடக்கிறார். வெளியே கிராட் ஊரையே மிரட்டிக்கொண்டு திரிகிறான். சாதாரணப் படமா இருந்தா கதாநாயகன் கட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, பாட்டில்களை வரிசையா வைத்துச் சுட்டுப் பழகி, இன்னும் வேகமாகி வந்து பழிவாங்குவார். இவர் அப்படிச் செய்யல. 'நான் எப்படித் தோத்தேன்?' என்று யோசிக்கிறார். கிராட் மின்னல் வேகம், உண்மை. ஆனா அவன் எப்பவும் எதிரிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துதான் சுடுகிறான். அவ்வளவு வேகமா உருவுகிறவனுக்குக் குறி பார்க்க நேரம் கிடையாது. பக்கத்தில் நின்றால்தான் அவன் குண்டு படும்!

இரண்டாவது முறை மாட் டில்லன் தூரத்திலேயே நின்றுவிடுகிறார். கிராட்தான் இப்பவும் முந்திச் சுடுகிறான். குண்டு படல. மாட் டில்லன் நிதானமா ஒரே தடவை சுடுகிறார். முடிஞ்சுது.

"இது வீரமா? தூரமா நின்னு சுடறது கோழைத்தனம், ஏமாத்து வேலை" என்றார் ஒரு நண்பர். ஒத்துக்க மாட்டேன். மாட் ஒளிந்து நின்று சுடல, முதுகில் சுடல. நேருக்கு நேர்தான் நின்றார். எங்கே நிற்பது என்பதை மட்டும் எதிரி முடிவு செய்ய விடல. எதிரிக்கு வசதியான இடத்தில் போய் நிற்பதுதான் வீரம் என்று யார் சொன்னது? சொல்லப்போனா, ஒருமுறை தன் உடம்பைத் துளைத்த அதே துப்பாக்கிக்கு முன்னால் மறுபடி நடந்து போக எவ்வளவு தைரியம் வேணும்! அந்த நடிகருக்கும் இது வெறும் நடிப்பு இல்லை. ஆர்னஸ் இரண்டாம் உலகப் போரில், 1944-ல் இத்தாலியின் ஆன்சியோவில் காலில் குண்டடி பட்டவர்.

குறையே இல்லையா? இருக்கு. அரை மணிக்குள் முடிக்கணும் என்பதால் காயம் ரொம்பச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. கிட்டி என்ற பெண் பாத்திரத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. இன்னொன்று, இந்தத் தெருச் சண்டை எல்லாம் சினிமாவுக்குத்தான். நிஜ டாட்ஜ் சிட்டியில் ரயில் பாதைக்கு வடக்கே துப்பாக்கி எடுத்துப் போகக்கூடாது என்று விதி போட்டு, தெருவிலேயே பெரிய பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பலகையின் பழைய புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தா அந்த ஊர்க்காரங்களும் மாட் டில்லன் செய்ததைத்தான் செய்தாங்க. 'அவங்களைவிட வேகமாச் சுடுவோம்' என்று கிளம்பாம, சண்டைக்கான வசதியையே குறைக்கப் பார்த்தாங்க.

சரி, அமெரிக்காக் கதை நமக்கு எதுக்கு? நம்ம கபடி அணியைப் பாருங்க. மண்டலப் போட்டியில் நாலு புள்ளியில் தோற்றோம். அன்றிலிருந்து எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: "இன்னும் வேகமா ஆடணும்." காலையில் ஐந்து சுற்று ஓடியவங்க இப்போ எட்டுச் சுற்று ஓடறாங்க. நல்லதுதான். ஆனா நம்ம ரைடர்கள் மாட்டியது பெரும்பாலும் இடது மூலையில், கணுக்கால் பிடியில். அங்கே ஏன் திரும்பத் திரும்பப் போனோம் என்று இதுவரை யாராவது உட்கார்ந்து பேசினோமா? அதே மூலைக்கு இரண்டு மடங்கு வேகத்தில் போனா, இரண்டு மடங்கு வேகத்தில் மாட்டுவோம்!

அரையாண்டில் கணக்கில் போனவங்களுக்கும் இதேதான். "இன்னும் நிறையப் படி" என்று வீட்டில் சொல்லுவாங்க. எந்தக் கணக்கில், எந்த வரியில் மார்க் போச்சு என்று விடைத்தாளை எடுத்துப் பார்த்தவங்க எத்தனை பேர்? தோற்ற அன்றே அதைக் கசக்கி எறிகிறவங்கதான் அதிகம். மாட் டில்லன் ஜெயித்தது தன் தோல்வியைக் கசக்கி எறியாததால்தான்.

என் மதிப்பெண்: நூற்றுக்கு எண்பது. காயம் சீக்கிரம் ஆறியதுக்குப் பத்து, கிட்டிக்காகப் பத்து குறைச்சிருக்கேன்.

எதிர்க்கட்சி நண்பர்களே, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கு. உங்க பதிலை எழுதுங்க. தூரமா நின்னு திட்டினாலும் பரவாயில்லை, குறி பார்த்துத் திட்டுங்க!

– பதினொன்றாம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு