புதிய தொலைக்காட்சிப் பெட்டி: முதலில் இடம், பின்னர் விலை

பல ஆண்டுகள் உழைத்த தொலைக்காட்சிப் பெட்டி ஒரு நாள் ஓய்ந்துவிட்டால், அதற்குப் பதிலாக வேறொன்று வாங்குவது எளிய காரியமென்றே பலரும் எண்ணுகின்றனர். கடைக்குச் சென்று, கையிலுள்ள பணத்துக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. இவ்வழக்கம் சரியானதன்று. வீட்டுக்கு வாங்கும்போது இத்தவறு சில ஆயிரம் ரூபாய் வீண் செலவோடு முடிந்துவிடும். பள்ளிக்கோ கள அலுவலகத்துக்கோ வாங்கும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனோ விவசாயியோ திரையில் உள்ளதைப் படிக்க இயலாமற்போகும். ஒரு முறை கிடைத்த மானியம் மறுமுறை விரைவில் கிடைப்பதில்லை. ஆகவே அளவுநாடாவை முதலில் எடுத்து, விலைப்பட்டியலைப் பிறகு பார்ப்பதே முறையாகும்.

அங்குலக் கணக்கு

தொலைக்காட்சியின் அளவாகக் கூறப்படும் அங்குலம் அதன் அகலமும் அன்று, உயரமும் அன்று. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை செல்லும் குறுக்குக்கோட்டின் நீளமே அது. பழைய படக்குழாய்ப் பெட்டிகளில் திரையின் அகலமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் அமைந்திருந்தன. இன்றைய தட்டைத் திரைகளில் அவ்விகிதம் 16-க்கு 9 ஆகும். எனவே ஒரே அங்குல எண் இரு வகைப் பெட்டிகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

29 அங்குலப் படக்குழாய்ப் பெட்டியின் திரை உயரம் சுமார் 44 செ.மீ. இதனினும் பெரியதென்று எண்ணி வாங்கப்படும் 32 அங்குலத் தட்டைத் திரையின் உயரமோ 40 செ.மீ. மட்டுமே. இக்காலத்து அகன்ற படங்கள் புதிய திரையில் பெரிதாகவே தோன்றும் என்பது உண்மை. ஆனால் பழைய வடிவில் பதிவு செய்யப்பட்ட பாடக் காட்சிகள் அதில் சற்றுச் சிறுத்தே தெரியும். திரையை நிரப்பும் பொருட்டு அக்காட்சிகளைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டும் வசதி ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் உண்டு. கணித ஆசிரியர் அதனைப் பயன்படுத்தலாகாது. வட்டம் நீள்வட்டமாகவும், சதுரம் செவ்வகமாகவும் மாறிவிடும்.

இடத்தின் எல்லை

பெங்களூர் நகரில் சிறு குடும்பங்கள் வீடு கட்டிக்கொள்ளும் மனை பெரும்பாலும் 20 அடிக்கு 30 அடி அளவுடையது. அத்தகைய மனையில் எழும் வீட்டின் கூடம் 10 அடி அகலமிருந்தால் அதுவே தாராளம். இது 3 மீட்டருக்குச் சமம். நாற்காலியும் பெட்டி வைக்கும் மேசையும் எடுத்துக்கொள்ளும் இடம் போக, கண்ணுக்கும் திரைக்கும் இடையே எஞ்சுவது சுமார் இரண்டரை மீட்டர்.

பார்ப்பவர் திரை உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் அமர்வார் என்ற அடிப்படையில் உயர்தெளிவுத் தொலைக்காட்சி வகுக்கப்பட்டது. பழைய தொலைக்காட்சிக்கு ஆறு மடங்கு தூரம் ஏற்றதென்று கருதப்பட்டது. இரண்டரை மீட்டர் தூரத்துக்கு 32 அங்குலத் திரை ஏறத்தாழ ஆறு மடங்குக் கணக்கிலும், 43 அங்குலத் திரை ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் அமைகின்றன. இவ்விரண்டில் எதுவும் அக்கூடத்துக்குப் பொருந்தும். 55 அங்குலம் அங்கு அவசியமில்லை.

அடுத்தது பெட்டி அமரும் இடம். படக்குழாய்ப் பெட்டி அகலத்தில் குறைந்தும் ஆழத்தில் மிகுந்தும் இருந்தது. புதிய பெட்டி ஆழத்தில் மிச்சப்படுத்திய இடத்தை அகலத்தில் கேட்கிறது. பழைய வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட மாடத்தின் அகலம் 3 அடி, அதாவது 91 செ.மீ. என்று கொள்வோம். 43 அங்குலப் பெட்டியின் படப்பரப்பு மட்டுமே 95 செ.மீ. அகலமுடையது, அது மாடத்தில் நுழையாது. 40 அங்குலப் பெட்டியின் படப்பரப்பு 89 செ.மீ.; சட்டத்தையும் சேர்த்தால் காற்றுப் புகவும் இடமிராது. 32 அங்குலப் பெட்டியின் படப்பரப்பு 71 செ.மீ.; இருபுறமும் வெப்பம் வெளியேற இடம்விட்டு அது வசதியாக அமரும்.

வாடகை வீடுகளில் சுவரைத் துளையிட உரிமையாளர் இசைவதில்லை. பெட்டியை மேசைமீதே வைக்க வேண்டுமாயின், அதன் இரு கால்களுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் கடையிலேயே அளந்து பார்த்தல் வேண்டும். பல பெட்டிகளில் கால்கள் இரு ஓரங்களிலும் அமைந்துள்ளன. மேசை சிறிதாயின் அவை நிற்கா.

கண்ணின் எல்லை

நான்கு கே எனப்படும் மிகு தெளிவுத் திரை இன்று பெரிதும் விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் மனிதக் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரணப் பார்வையுள்ளவர் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோண அளவுள்ள நுட்பத்தையே பிரித்தறிய முடியும். இரண்டரை மீட்டர் தூரத்தில் இது 0.7 மி.மீ. அளவாகும். 43 அங்குல முழு உயர்தெளிவுத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அதாவது, அப்புள்ளிகளையே அத்தூரத்திலிருந்து தனித்தனியாகக் காண இயலாது. அவற்றை மேலும் நான்காகப் பிரித்துத் தருவதால் கண்ணுக்குப் புதிதாகக் கிடைப்பது மிகக் குறைவு. ஒன்றரை மீட்டருக்குள் அமர்ந்து நுண்ணிய வரைபடங்களை ஆராய்பவருக்கே அது பயன்படும். விலை ஒன்றாயின் மறுப்பதற்கில்லை. அதற்கென்றே கூடுதல் பணம் கொடுப்பது சிக்கனமாகாது.

வகுப்பறையின் தேவை

கல்விக்குத் தொலைக்காட்சியைப் பயன்படுத்தும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களிலுள்ள சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பியது. கர்நாடகத்தின் சில மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். காலையில் பள்ளிச் சிறுவர்களுக்கும், மாலையில் ஊராருக்கும் ஒரே பெட்டி பயன்பட்டது. ஒரு பெட்டியின்முன் பலர் அமரும் அந்நிலை இன்றும் மாறிவிடவில்லை. 2020-ல் தொடங்கப்பட்ட பி.எம். ஈ-வித்யா திட்டத்தின் கல்வி ஒளிபரப்புகளைப் பள்ளியில் காட்ட விரும்பும் ஆசிரியருக்கு எதிரே இருப்பதும் ஒரு திரையும் பல வரிசைகளுமேயாகும்.

கண் பரிசோதனையில், சாதாரணப் பார்வையுள்ளவர் 6 மீட்டர் தூரத்திலிருந்து முயன்று படித்தறியும் எழுத்து சுமார் 9 மி.மீ. உயரமுடையது. கடைசி வரிசை 5 மீட்டரில் இருந்தால் அவ்வெல்லை 7 மி.மீ. அளவுக்குக் குறையும். ஆனால் இது கண்ணின் கடைசி எல்லை. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த தமிழ், கன்னட எழுத்துகளை, எல்லாச் சிறுவரும் வருத்தமின்றிப் படிக்க வேண்டுமானால் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது சுமார் 3 செ.மீ. உயரம் இருத்தல் நலம். வரிகளுக்கு இடைவெளி விட்டால் ஒரு வரிக்கு 6 செ.மீ. தேவைப்படும்.

இக்கணக்கின்படி 43 அங்குலத் திரையில் எட்டு வரிகள் கொள்ளும். 55 அங்குலத் திரையில் பதினொரு வரிகள் கொள்ளும். கூடுதலாகச் செலவிடும் பணம் முழுவதும் வாங்கித் தருவது மூன்று வரிகளே. பாடப் பக்கத்தை எட்டு வரிக்குள் அமைத்துக்கொள்ளும் ஆசிரியர், அல்லது கடைசி வரிசையை ஒரு மீட்டர் முன்னே இழுத்துப் போடும் ஆசிரியர், அதே பயனைச் செலவின்றிப் பெறுகிறார். பக்கவாட்டில் அமர்பவர்களையும் மறத்தலாகாது. சில திரைகளில் ஓரத்திலிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறிவிடும். வாங்குமுன் கடையில் ஓரமாக நின்று பார்த்தால் இது உடனே புலப்படும்.

தட்டைத் திரைகளின் ஒலிபெருக்கிகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் அவை கீழ்நோக்கியே ஒலிக்கின்றன. வகுப்பறைக்குத் தனி ஒலிபெருக்கி ஒன்று, திரையில் கூடும் பத்து அங்குலத்தைவிடப் பயன் மிகுந்தது.

செலவுக் கணக்கு

2025 செப்டம்பர் 22-க்கு முன்பு, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதமாக இருந்தது. அதற்குக் குறைந்தவற்றுக்கும் 32 அங்குலத்துக்கும் 18 சதவீதமே. அந்நாள் முதல் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஆயிற்று. வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள 43 அங்குலப் பெட்டியில் இதனால் 2,000 ரூபாய் மிச்சமாகிறது. அத்தொகையைக் கொண்டு இன்னும் பெரிய திரையைத் தேடாமல், ஒலிபெருக்கி, உறுதியான தாங்கி, தேவையான இணைப்புக் கம்பிகள் ஆகியவற்றுக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. பழைய செட்டாப் பெட்டியின் மூவண்ணக் கம்பிகளைச் செருகும் துளை புதிய திரையில் உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்செலவும் கணக்கில் சேரவேண்டியதே. 60 வாட் எடுக்கும் பெட்டி நாள்தோறும் 5 மணி நேரம் ஓடினால் 30 நாளில் 9 யூனிட் செலவாகும். அதனுடன் இணைந்த செட்டாப் பெட்டி 10 வாட் எடுப்பதாயின், அதனை இரவும் பகலும் அணைக்காமல் விட்டால் 7 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. நட்சத்திரக் குறியைப் பார்த்துச் சிக்கனமான திரையை வாங்கியவர், சுவரிலுள்ள விசையை அணைக்க மறந்தால் அச்சிக்கனம் பெரிதும் வீணாகும்.

பழைய பெட்டி

புதியது வந்தபின் பழைய படக்குழாய்ப் பெட்டியைப் பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிடுவது பெருந்தவறு. படக்குழாயின் புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் ஈயம் மிகுதியாக உள்ளது. செம்புக்காக அதனை உடைப்பவரின் உடலுக்கும், தூள் விழும் மண்ணுக்கும் அது கேடு. குழாயினுள் காற்று இல்லாமையால் அது வெடித்துச் சிதறவும் கூடும். இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். ஆகவே பாடம் நடத்துவதற்காகக்கூட மாணவர்முன் அதனைத் திறத்தல் ஆகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பழைய சாதனங்களின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்களைப் பொறுப்பாக்கியுள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடம் ஒப்படைத்து, அதற்குச் சீட்டும் பெற்றுக்கொள்வதே வீட்டாரின் கடமை. அலுவலகத்தின் கடமையும் அதுவே.

கடையில் வரிசையாக ஒளிரும் திரைகளின்முன் நிற்கும்போது பெரியதே சிறந்ததெனத் தோன்றுவது இயல்பு. அத்தோற்றத்துக்கு ஆட்படாதிருக்க வழி ஒன்றே. புறப்படுமுன் ஒரு சிறு தாளில் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம், பெட்டி அமரும் இடத்தின் அகலம், கடைசி வரிசையிலிருப்பவர் படிக்க வேண்டிய எழுத்தின் உயரம். நான்காவதாகவே பணத்தின் அளவை எழுத வேண்டும். இவ்வரிசையில் எழுதிய தாளுடன் செல்பவர், கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு.