பிள்ளையின் முன்கோபம்: வித்தா, வளர்ப்பா?



"அப்பனைப் போலவே மகன், இரத்தத்தில் ஊறியது, மாறவா போகிறது?" முன்கோபமும் அவசரப்புத்தியும் கொண்ட மாணவனைப் பற்றி ஆசிரியர் அறையில் எழும் பேச்சு இது. வீட்டிலோ, "ரோத்தானை எடுத்தால் சரியாகிவிடுவான்" என்பர். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73ஆம் ஆண்டுகளில் பிறந்த 1037 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அவர்களுள் ஆண்களைப் பற்றி அவ்ஷலோம் காஸ்பி, டெரி மோஃபிட் குழுவினர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூளையில் செரோட்டோனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அதற்குரிய மரபணு சிலரிடம் குறைவாகச் செயல்படும். அத்தகைய மரபணுவோடு பிறந்து, 3 முதல் 11 வயதுக்குள் கொடுமைக்கும் ஆளானவர்கள் அந்த ஆண்களுள் 12 விழுக்காட்டினரே. ஆனால், வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 44 விழுக்காடு அவர்களுக்கு உரியவை. அதே மரபணு இருந்தும் கொடுமையின்றி வளர்ந்தவர்களிடம் அந்நாட்டம் மிகுந்து காணப்படவில்லை.

அவ்வாய்வு எவற்றைக் கொடுமை எனக் கொண்டது? உடல், பாலியல் கொடுமைகளோடு தாயின் புறக்கணிப்பு, வளர்ப்பவர் அடிக்கடி மாறுதல், கடுமையான தண்டனை ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட்டது. திருத்துவதாக எண்ணி நாம் ஓங்கும் பிரம்பு, எளிதில் உணர்ச்சிவயப்படும் பிள்ளையை மேலும் கெடுக்கக்கூடும்.

பின்வந்த ஆய்வுகள் யாவும் இம்முடிவையே காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குணத்தை ஒற்றை மரபணு தீர்மானிப்பதில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன என்பதே இன்றைய அறிவியல். ஆகவே, "இவன் பிறவி அப்படி" என்று எவரும் முத்திரை குத்த இயலாது. அதே டனீடன் பிள்ளைகளைப் பற்றி 2011இல் வெளிவந்த ஆய்வு நம்பிக்கை தருகிறது: வளரும் பருவத்தில் தன்னடக்கம் மேம்பட்டவர்களின் வாழ்வு, 32 வயதில் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

தண்ணீர்மலையிலும் பாட்டி வீடு, சித்தி வீடு என மாறி மாறி வளரும் பிள்ளைகள் உண்டு. அடிபட்டே பழகியவர்களும் உண்டு. அத்தகைய பிள்ளை வகுப்பில் சீறும்போது, "ஏன் இப்படிச் செய்தாய்?" என அதட்டுவதை விட, "என்ன நடந்தது, ஐயா?" எனத் தனியே அழைத்துக் கேட்போம். ஆலோசக ஆசிரியரிடம் அனுப்புவோம். கொடுமை நடக்கிறது என ஐயம் எழுந்தால் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்ற எண்ணை அழைப்போம்.

மரபணுவை மாற்ற நம்மால் ஆகாது. வீட்டையும் வகுப்பறையையும் மாற்ற முடியும்.